மூன்றாம் ஓலை

பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் இன்னதென்று ஐயர் சொன்னதும் சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலுக்குள் சிரிக்கக் கூடாதே என்று முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். கடவுளின் சித்தமும் மனுஷனின் விருப்பமும். வருஷத்தில் எத்தனையோ ஞாயிறு இருக்க இது இன்றைக்கா வந்து விழ வேண்டும்? சபையின் குருவானவரைப் பாளையங்கோட்டையில் ஐயர் என்றுதான் சொல்வார்கள், இந்த ஐயர் நல்லவர், மெலிந்தவர், ஒரு வாரமாக ஊர் ஊராகப் போய்க் கன்வென்ஷன் கூட்டங்களில் பேசித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு வந்திருக்கிறார், அந்தக் கரகரத்த தொண்டையோடு இவளைப் பார்த்தே பேசுகிற மாதிரி இருக்கிறது. இல்லை, அவர் பொதுவாகத்தான் பார்க்கிறார். இன்றைக்கு இவளுடைய மூன்றாம் ஓலை என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் ஆராதனை முடிகிற நேரத்தில், அறிவிப்போடு அறிவிப்பாக அவர்தான் வாசித்தார், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம் என்று. கேட்டுவிட்டுப் பேருக்குக் கொஞ்சம் நிறுத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. யார் எழுந்திருப்பார்கள், இந்தக் கோயிலில் ஓலைக்கு எழுந்தவர்கள் என்று யாரையும் அவள் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. இன்றைக்கும் வாசித்து, இன்றைக்கும் யாரும் எழுந்திருக்காமல் போனால் வியாழக்கிழமை அவளுக்குக் கல்யாணம். நாற்பத்தாறு வயதில் கல்யாணம். நினைத்ததும் வயிற்றுக்குள் ஏதோ குதித்தது. பசியில்லை, வாயுவில்லை, சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம்தான் அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

பயத்துக்கும் காரணம் இருக்கிறது. அவள் வளர்ந்த வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, நமக்கு ரொம்பப் பிடித்துவிட்டால் அது அவர் சித்தமாக இருக்காது. அப்பா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா யோவேல், கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்தவர், அரிசி நிறுக்கிற தராசு மாதிரி மனசையும் நிறுத்துப் பார்க்கிறவர். ஒரு காரியம் ஆண்டவர் சித்தமா இல்லையா என்று கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி தடை. சித்தமில்லேன்னா தடை பண்ணிரும் ஆண்டவரே என்று ஜெபித்துவிட்டு, தடைக்காகக் காத்திருப்பார், ஒரு விருந்தாளிக்குக் காத்திருக்கிற மாதிரி. காத்திருக்கிறவருக்கு வராமல் போகுமா? நாகர்கோவில் சம்பந்தம் பேசக் கிளம்பின அன்றைக்கு நாங்குநேரியில் பஸ் பஞ்சர், இறங்கி நின்று எதிரில் வந்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். மதுரைச் சம்பந்தம் வந்த வருஷம், புதுவருஷ ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுக்கிற வசன அட்டையில் இவளுக்குப் பொறுமையாய்க் காத்திருக்கச் சொல்லி வந்தது, சரி, காத்திருந்தார்கள். இன்னொன்று மழையில் போயிற்று. மழை எல்லோருக்கும்தானே பெய்தது, அன்றைக்கு இந்த ஊரில் வேறு எத்தனை பேருக்கு நிச்சயம் நடந்திருக்கும் என்று இவள் அடுக்களையில் நின்று யோசித்தாள். யோசித்ததற்கே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு தூத்துக்குடிக்காரர் வந்தார், அதிசயமாக ஒரு தடையும் இல்லை, பஸ் ஓடியது, வானம் வெளுத்திருந்தது, பஜ்ஜிகூடத் தீயவில்லை. அவளுக்கும் பிடித்திருந்தது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய் மறுநாள் சொல்லியனுப்பினார்கள், மூத்தது வேண்டாம், இளையதைத் தருவதானால் சம்மதம் என்று. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினார், வெளியே வந்து, "நீ என்னம்மா சொல்லுத?" என்றார். "சித்தம்ப்பா" என்றாள். அந்த வார்த்தை எவ்வளவு வசதி, அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். அந்த இளையதுதான் இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சி சுகந்தி, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டாள், அந்தத் தூத்துக்குடிக்காரர்தான் ஆண்கள் பக்கம் ஜன்னலோரத்தில் தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்குகிற ஜெபராஜ். எந்தப் பிரசங்கத்துக்கும் அவர் தூங்காமல் இருந்ததில்லை. இந்தத் தூக்கத்தை ஆயுசு முழுக்கப் பார்க்கிற பாக்கியம் தங்கச்சிக்குப் போனதில் சுகிர்தாவுக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை, சத்தியமாக நன்றிதான் இருக்கிறது.

ஐயர் எகிப்து ராஜாவுக்கு வந்துவிட்டார். அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினவர் கடவுள் என்றும் இருக்கிறது, அவனே கடினப்படுத்திக்கொண்டான் என்றும் இருக்கிறது, இரண்டில் எது? அப்பாடா, இதை யாராவது கேட்டார்களே. இவள் சின்னப் பிள்ளையில் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாளைமீன் குழம்பு. அவர்தான அவன் மனச இறுக்குனாரு, பெறகு எதுக்குப்பா அவன அடிச்சாரு? அப்பா ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார், இன்னொரு முள்ளை எடுத்து வைத்தார். முள் பாத்துச் சாப்பிடு என்றார். அந்தக் கேள்வி அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது, இத்தனை வருஷமாக. ஐயர் இப்போது ரயிலுக்குத் தாவுகிறார், நெல்லையிலிருந்து சென்னைக்குப் போகிற ரயில் சென்னைக்குத்தான் போகும், அது கடவுள் சித்தம், ஆனால் உள்ளே நீ நிற்கலாம், உட்காரலாம், முறுக்கு வாங்கலாம், அது உன் விருப்பம். முன்வரிசையில் தலைகள் ஆடுகின்றன. சுகிர்தா ஆட்டவில்லை. என்னை ரயிலில் ஏற்றினது யார்? எனக்குச் சென்னைக்குப் போக வேண்டுமா என்று யார் கேட்டது? முறுக்கு மட்டும் என் இஷ்டமாக்கும்! இஷ்டம் என்ற வார்த்தை மனசுக்குள் வந்ததும் காது சூடாகிவிட்டது, ஏனென்றால் அது வில்பிரட்டின் வார்த்தை. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சின் நடைபாதை ஓரத்தில் இருக்கிறார், வெள்ளைச் சட்டை, காலரில் இஸ்திரி பலமாகப் போட்டுப் பளபளப்பு ஏறியிருக்கிறது, தலைமுடியை நனைத்துச் சீவியிருக்கிறார். இதெல்லாம் பார்க்காமலேயே எப்படித் தெரிகிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பார்த்துவிட்டாய் அம்மா, உள்ளே வரும்போதே பார்த்துவிட்டாய், பாட்டுப் பாடும்போது இன்னொரு தரமும் பார்த்தாய்.

வில்பிரட் தங்கையா, மார்க்கெட் பக்கம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர், மனைவி இறந்து பல வருஷம், பிள்ளை இல்லை. இவள் வேலை பார்க்கிற லேபுக்குச் சர்க்கரை பார்க்க வந்தார். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை, அவருடைய ரத்தம் எடுத்தாள். எல்லாரையும் கேட்கிறதுபோல அவரையும் கேட்டாள், குத்தட்டுமா என்று. அது அவளுக்கு வந்துவிட்ட பழக்கம். மற்ற பெண்கள் கையைப் பிடித்து ஊசியை ஏற்றிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள், அது தப்பில்லை, கூட்டம் அப்படி. இவளுக்குக் கேட்காமல் முடியாது. டாக்டர் எழுதிவிட்டார், பணம் கட்டியாகிவிட்டது, சட்டைக் கையை மடக்கிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், குத்தப்போவது நிச்சயம், இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துக் குத்தட்டுமா என்று கேட்டு, அவர்கள் சரி என்கிற அந்த ஒரு விநாடி வேண்டும். சரி என்று சொன்ன கையில் நரம்பு தானாக எழும்பி வரும், பயந்த கையில் ஒளிந்துகொள்ளும். வில்பிரட் அப்போது சொன்னார், "என் கையில எத்தனையோ பேரு குத்திருக்காவ. கேட்டுட்டுக் குத்துனது நீங்க ஒருத்தருதான் சிஸ்டர்." அடுத்த மாசம் வந்தார், அதற்கடுத்த மாசமும் வந்தார், சர்க்கரை ஒழுங்காகக் கட்டுக்குள் இருந்தது, பிறகும் வந்தார். ஒருநாள் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டாள். "டாக்டரு எழுதல சிஸ்டர். என் இஷ்டத்துக்கு வந்தேன்" என்றார். கையில் ஊசியை வைத்துக்கொண்டு இவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இஷ்டம்! அவள் வீட்டில் அது ஒரு வசைச்சொல். இஷ்டத்துக்கு ஆடுதா என்பார்கள், இஷ்டத்துக்குச் செலவழிக்கான் என்பார்கள், நல்ல காரியத்துக்கு அந்த வார்த்தையை யாரும் எடுத்ததில்லை. இந்த மனுஷன் அதை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிற மாதிரி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்.

பிறகு அவர் கேட்டது. அன்றைக்கும் கையில் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார், இனிமேல் உங்களைச் சிஸ்டர் என்று கூப்பிட எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, வேறு விதமாகக் கூப்பிடலாமா என்று. இவள் சொன்னாள், ஆண்டவர் சித்தமானா ஆகட்டும். அவர் பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "சித்தம் சரி. அது அவரு சொல்ல வேண்டியது. உங்க இஷ்டம் என்ன?" நாற்பத்தாறு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி, பதில் எந்த அலமாரியில் இருக்கிறதென்று தேடக்கூடத் தெரியவில்லை. பாக்கலாம் என்றாள். பாக்கலாமாம்! சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி. காரியம் வளர்ந்தது, சுகந்தி வந்தாள், ஐயர் வந்தார், நிச்சயம் நடந்தது, மோதிரம் போட்டாயிற்று, எல்லோரும் கேட்டார்கள், எல்லோரிடமும் சித்தம் என்றாள், அவரிடமும் அதே. நிச்சயத்தன்றைக்குக் கை கழுவுகிற இடத்தில் அவர் மெதுவாகச் சொன்னார், அவருடைய உரத்த குரலில் அவ்வளவு மெதுவாக அதற்கு முன்னால் அவள் கேட்டதில்லை. "முந்தின சம்சாரம் நல்லவ. வீட்ல சொன்னாவ, கழுத்த நீட்டுனா, கடைசி வரைக்கும் ஒரு கொற வைக்கல. ஆனா என்னய அவளுக்குப் பிடிச்சிருந்துதா இல்லியான்னு தெரியாமலே போயிட்டு. கேட்டா, நீங்க சொன்னா சரிதான்ம்பா. எனக்கு அது இன்னொரு தடவ வேண்டாம். கல்யாணத்துக்கு முன்ன ஒரு வாட்டி சொல்லிருங்க. இல்லன்னாலும் சொல்லிருங்க, கோவப்பட மாட்டேன்." அதிலிருந்து இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இவள் இன்னும் சொல்லவில்லை. பிடிக்காமல் இல்லை, ஐயோ, பிடிக்காமலா, மார்க்கெட் பக்கம் பஸ் திரும்பினால் காயில் கட்டுகிற வார்னிஷ் வாடைக்கே முகம் மலர்ந்துபோகிறது, அதனால்தான் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டால் அது இவளுடையதாகிவிடும். இவளுடையதானால் அவருடையதாக, மேலே இருக்கிறவருடையதாக, இருக்காதே.

ஆகவே காலையில் பால் அடுப்பில் இருக்கும்போது அப்பாவின் ஜெபத்தையே ஜெபித்துவிட்டாள். உமக்குச் சித்தமில்லேன்னா இன்னைக்கே ஒரு தடையக் காட்டிரும் ஆண்டவரே, நான் அப்படியே உக்காந்துக்கிடுதேன். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தபடி இது தடையா என்று யோசித்தாள். பால் பொங்கினால் ஊரில் நல்லதென்கிறார்கள், இவர்கள் வீட்டில் அதையெல்லாம் நம்பக் கூடாது, நம்பாவிட்டால் கெட்டதாகவும் நம்பக் கூடாதுதானே, சரி, தள்ளுபடி. கோயிலுக்கு வருகிற வழியில் செருப்பு வார் அறுகிற மாதிரி இருந்தது, அறவில்லை. வாசலில், ஐயருக்கு ஒத்தாசையாக இருக்கிற வயசான உபதேசியார் அருளப்பன் நின்றிருந்தார். சுகந்தி ஓடிப் போய், உபதேசியாரே என்னத் தெரியுதா என்று கேட்க, அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, "அட, சுகந்தியா! ஒனக்கு ஓல வாசிச்சவன்ல்லா நானு! சுகந்தி, சுகந்தி" என்று வாய் நிறையச் சொன்னார், இவளைப் பார்த்து நல்லாருக்கியாம்மா என்று மட்டும் கேட்டார். அது தடையா? சீ, அது வயசு. இப்போது பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போயிற்று. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன, மைக் அணைந்தது, கோயில் முழுக்க விசிறிக்கொள்கிற சத்தம். சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். இதுதான். இது கண்டிப்பாக இதுதான். அப்பா இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பார். கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி அவள் முக்காட்டைத் தள்ளி முன்நெற்றி முடியைக் கலைத்தது, ஆண்டவரே, என்ன விளையாட்டு இது, வருகிறதா போகிறதா ஒன்று சொல்லும். சுகந்தி காதருகே வந்து, "யக்கா, என்னத்துக்கு ஒனக்கு இப்பிடி வேர்க்கு?" என்றாள். ஒண்ணுமில்லட்டி என்றாள். ஒன்றுமில்லாமல் இல்லை, தடையைத் தேடுகிற அவசரத்தில், அது வந்துவிடக் கூடாதே என்று தான் எவ்வளவு கெஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பாவும் ஒருதடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். மறந்தே போனாள் பாருங்கள். கடைசி நாட்களில், சர்க்கரை ஏறி, காப்பியில் சீனியே கிடையாது என்று இவள்தான் கறாராக வைத்திருந்தாள், லேபு வேலை தெரிந்தவளாயிற்றே. ஒரு சாயங்காலம் டம்ளரை நீட்டும்போது, எப்போதும்போல, சீனி இல்லாம குடிச்சிருதியளாப்பா என்று கேட்டாள். அப்பா சுவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், சின்னப் பையன் மாதிரி ஒரு முழி முழித்தார். "இன்னைக்கு மட்டும் போடும்மா. என் இஷ்டம்." போட்டாள், தாராளமாக. அவர் அதை ஒவ்வொரு மிடறாகக் குடித்து, டம்ளரின் அடியில் நின்ற சீனியைச் சுட்டுவிரலால் வழித்துச் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு, ஆண்டவரே உமக்கு ஸ்தோத்திரம் என்றார், சீனிக்கு! அவருடைய எந்த ஜெபத்திலும் இவள் கேட்டிராத சந்தோஷம் அந்த ஸ்தோத்திரத்தில் இருந்தது. இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அதை நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது, இரண்டும் சேர்ந்து மூக்கு ஒழுகியது. அப்பா, இஷ்டத்துக்குச் சாப்பிட்டுவிட்டு அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னீர்களே, அப்படியானால் அந்தச் சீனி யாருடைய சித்தம்?

ஐயர் முடிக்கிறார். எல்லாவற்றையும் அவிழ்த்துக் கடைசியில் ஒரு முடிச்சாகப் போடுவார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட காற்றாகப் போய்விட்ட குரலில், "எனக்கும் இது முழுசாப் புரியல பிள்ளைகளே. ஆனா ஒண்ணு சொல்வேன். சொந்த மனசே இல்லாத ஒருத்தர்ட்ட உம்முடைய சித்தம் ஆகட்டும்னு சொல்லச் சொல்றதுல அவருக்கு என்ன சந்தோஷம் இருக்கும்?" என்றார். அவ்வளவுதான். ஆமென். சுகிர்தாவுக்கு ஊசியும் கையும் ஞாபகம் வந்தன. எழுதிவிட்டார்கள், நிச்சயம்தான், இருந்தாலும் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. மேலே இருக்கிறவரும் இத்தனை வருஷமாகக் குத்தட்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் நின்றாரோ, இவள்தான் டாக்டர் எழுதிவிட்டாரே, எழுதிவிட்டாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாளோ. அதை முழுசாக நினைத்து முடிக்க நேரமில்லை, அறிவிப்புகள் வந்துவிட்டன, ஐயருக்குத் தொண்டை சுத்தமாக அடைத்துவிட்டது, தாளை உபதேசியார் அருளப்பன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். உபதேசியார் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார், பிறகு மூக்குவரை கொண்டுவந்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், செவ்வாய். தண்ணீர்த் தொட்டி பழுது, சபையார் கவனிக்க. மூன்றாம் ஓலை. இச்சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்தவராகிய திரு. வில்பிரட் தங்கையா அவர்களுக்கும், இச்சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற திரு. யோவேல் அவர்களின் குமாரத்தி செல்வி... என்று உபதேசியார் நிறுத்தினார், தாளைத் தள்ளினார், இழுத்தார், திடீரென்று முகம் தெளிந்தது, தெரிந்த பேர் ஆயிற்றே. "செல்வி சுகந்தி அவர்களுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம்."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஆண்கள் பக்கம் ஜன்னலோரத்தில் ஜெபராஜ் தூக்கத்திலிருந்து துள்ளி விழித்து, "யாரு, நம்ம சுகந்தியா?" என்றார், அது முன்வரிசைவரை கேட்டது. சுகந்தி இவள் தொடையைக் கிள்ளினாள். சுகிர்தா முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வந்துவிட்டது. கேட்டேன், கொடுத்துவிட்டார். பேர் தப்பிய ஓலை ஓலையே இல்லை, இனி முதலிலிருந்து வாசிக்க வேண்டும், வியாழக்கிழமை போயிற்று, பத்திரிகை கொடுத்த வீடுகள் எல்லாம் போயிற்று, பஞ்சரும் மழையும் வசன அட்டையும் ஒன்றாகச் சேர்ந்தாலும் இவ்வளவு பெரிய தடை ஆகாது, அதுவும் அதே மாதிரி, அன்றைக்குப் போலவே, மூத்ததற்கு இல்லை, இளையதற்கு. அப்படியே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். காலையில்தான் சொன்னாள், பால் சாட்சி. உட்கார்ந்திருந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வாயைத் திறக்க வேண்டியதில்லை, சித்தம் என்று மனசுக்குள் ஒருமுறை சொன்னால் போதும், இத்தனை வருஷம் சொன்ன வாய்தானே. உபதேசியார் பேருக்கு நிறுத்தியிருக்கிற அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. சி என்று ஆரம்பித்தாள், மனசுக்குள்தான், அந்த வார்த்தை வரவில்லை, மாட்டேன் என்று வந்தது. யாரைப் பார்த்து மாட்டேன் என்கிறோம் என்று திடுக்கிட்டுப் பார்த்தால் எதிரில் கோபமான முகம் ஒன்றும் இல்லை, சுட்டுவிரலால் சீனியை வழித்துக்கொண்டு அப்பாதான் இருக்கிறார், அவருக்கும் பின்னால் யாரோ சிரிக்கிற மாதிரி, நீ என்ன செய்யப் போகிறாய் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. பிறகு பெஞ்சு அவளுக்குப் பின்னால் இருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

எழுந்தது தானா, எழுப்பினது மேலே இருக்கிறவரா என்று பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள், பிரித்தெடுக்க முடிந்ததில்லை, முடியாததில் வருத்தமும் இல்லை. ஓலைக்கு ஒரு ஆள் எழுந்திருக்கிறது, அதுவும் கல்யாணப் பெண்ணே எழுந்திருக்கிறாள், தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொல்ல! ஐயர் நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார், வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. சுகிர்தா நடைபாதைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தத் தடவை யாருக்கும் ஒளிக்காமல். வில்பிரட்டின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தார், அந்தக் கையின் நரம்புகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம், இல்லை என்றாலும் சொல்லிவிடுங்கள் என்று கேட்ட மனுஷன் இல்லை என்பதை வாங்கிக்கொள்ளத் தயாராகிக்கொண்டிருந்தார். ஐயோ, இவருக்கு எவ்வளவு நேரமாக இந்த வேதனையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"தடையெல்லாம் இல்ல உபதேசியாரே" என்றாள். "பேருதான் தப்பு. சுகந்தி எந்தங்கச்சி, அவளுக்கு ஏற்கெனவே ஆளு இருக்கு, அந்தா முழிச்சிட்டாவ பாருங்க. எம்பேரு சுகிர்தா."

முதலில் சிரித்தது ஜெபராஜ்தான். பிறகு பெண்கள் பக்கம், பிறகு பாடகர் குழு, முக்காடுகளுக்குள் அடக்கி அடக்கிச் சிரித்தார்கள். உபதேசியார் தாளை மறுபடி கை நீளத்துக்குத் தள்ளி, ஆமா, ஆமா, சுகிர்தான்னுதான் இருக்கு, மன்னிச்சிரும்மா என்று குழைந்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். சுகந்தி சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அதோட," என்றாள் சுகிர்தா, உபதேசியாரைப் பார்த்துச் சொல்லவில்லை, "எனக்கு இஷ்டம். நல்லா இஷ்டம். அதையும் சேர்த்து வாசிச்சிருங்க."

"ஓலையில அப்பிடி எழுதலியேம்மா" என்றார் உபதேசியார், உண்மையாகவே தாளைத் தேடிக்கொண்டு.

"எழுதாட்டா பரவால்ல. நான் சொல்லிட்டேன்."

ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது, மோட்டார் பட்டறையில் சிரிக்கிற சிரிப்பு, கோயிலுக்கென்று குறைத்துக்கொள்ளாத சிரிப்பு. அதன் நடுவே அது வேறு ஏதோ ஆயிற்று, வில்பிரட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. ஐயர் தொண்டையைத் தடவிக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டி, வாசியும் என்று கையைக் காட்டினார். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனவர், எதிரே ஒரு ஆள் இன்னும் நிற்கிறதைக் கண்டு தயங்கினார்.

"இப்ப நீங்க உக்காரலாம்மா."

"இருக்கட்டுங்கய்யா" என்றாள் சுகிர்தா. "நின்னே கேக்கேன்."